பதினாறு கால் பூச்சி

 

மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன் எழுதும் கட்டுரை என்றதும், தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ நான்கு செய்திகள் கிடைக்கும் என்றெண்ணி இப்பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். இம்முறை நான் எழுதப்போவது ஒரு கறுப்புப் பூச்சியைப் பற்றி. உயிருள்ள பூச்சியன்று, வானொலிப் பெட்டி, டேப் ரிக்கார்டர் போன்றவற்றின் வயிற்றுக்குள், பலகையொன்றின்மேல் கால்களை ஊன்றிக்கொண்டு கிடக்கும் சில்லு. கடைக்காரர்கள் ஐ.சி. என்பார்கள், பிள்ளைகள் சிப் என்பார்கள். அதன் ஒவ்வொரு காலும் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். கெட்டுப்போன சில்லைப் பலகைக்குச் சேதமில்லாமல் வெளியே எடுப்பது எப்படி என்பதைத்தான் சொல்லப்போகிறேன். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் வீட்டாரும் அதையேதான் கேட்டார்கள்.

என் வாப்பா மர்ஹூம் அவர்கள் 1979 முதல் 1994 வரை சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் வேலை பார்த்தார்கள். அக்காலத்தில் நம் ஊர்களில் தொலைபேசி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடிதம் வரப் பதினைந்து நாளாகும். வந்த கடிதத்தையும் உம்மாவால் படிக்க முடியாது. உம்மா குர்ஆன் ஓதுவார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கைவரவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்று வந்து திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டும். கணவர் மனைவிக்கு எழுதியதை மூன்றாம் ஆளின் வாயால் கேட்பது எப்படி இருக்கும் என்பதை என் வயதுடைய சகோதரிகளின் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். பிறகுதான் கேசட்டுக் கடிதம் வந்தது. பயணம் முடித்து ஊர் திரும்பும் ஒருவரிடம், வாப்பா தம் குரலையே ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தனுப்புவார்கள். உம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்கள்.

அப்படி வந்தவற்றுள் மூன்றே மூன்று மிஞ்சின. வாப்பா 2003ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். அதன்பின் அந்தக் கேசட்டுகளை உம்மா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டார்கள். 1994இல் ஊரோடு வந்துசேர்ந்தபோது வாப்பா கொண்டுவந்த டேப் ரிக்கார்டரில்தான் அவற்றைப் போட்டுக் கேட்பது வழக்கம். ஜப்பானியப் பெயர்போல் ஒலிக்கும், ஆனால் யாருக்கும் தெரியாத நிறுவனம் ஒன்றின் பெட்டி அது. வளைகுடாவின் கடைத்தெருக்களில் அத்தகைய பெயர்கள் ஏராளம்! ஆனாலும் முப்பது ஆண்டுகள் உழைத்தது. இடையில் ஒருமுறை அதன் ரப்பர் பட்டை அறுந்தபோது, உறவினர் ஒருவர் வீட்டிலிருந்து வேறொரு பெட்டியை இரவல் வாங்கினோம். அது நாடாவைத் தின்றுவிட்டது. மூன்று இரண்டாயிற்று. அன்றே உம்மா, “இனி வாப்பாட பெட்டியிலதான், வேற எதிலயும் போடக் கூடாது” என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெட்டியை நான் கெடுத்தேன்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டபின், உம்மா கேசட் போடச் சொன்னார்கள். பெரிய பேட்டரிகள் ஆறும் தீர்ந்திருந்தன. பெட்டிக்கு வேண்டியது ஒன்பது வோல்ட்டு. பின்புறத்தில் தெளிவாக எழுதியும் இருந்தது. நானோ மேசைமேல் கிடந்த மடிக்கணினியின் அடாப்டரை எடுத்துச் செருகினேன். துளைக்குள் அது இலகுவாகப் போயிற்று. போனதால் பொருந்திற்று என்று நினைத்தேன். அது பத்தொன்பது வோல்ட்டு! ஒரு பெரும் இரைச்சல், பிறகு கருகிய நாற்றம், பிறகு அமைதி. உடனே பிடுங்கிவிட்டேன். சக்கரம் சுழன்றது, குரல் வரவில்லை.

“என்ன வாப்பா ஆச்சு?” என்றார்கள் உம்மா. “பழசாயிடுச்சு உம்மா” என்றேன். பெட்டி பழையது என்பது உண்மைதான். நான் சொன்ன இடத்தில் அது பொய். பிள்ளைகளுக்குப் பொய்யின் கேட்டைப் பற்றி வாரம் ஒருமுறை பாடம் நடத்துகிறவன் நான்.

நகரத்தின் பெரிய பழுதுபார்ப்புக் கடை ஒன்றுக்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு போனேன். திறந்துகூடப் பார்க்காமல், “இதெல்லாம் இப்ப யார் பாக்குறாங்க? தூக்கிப் போட்டுட்டு புளூடூத் ஒண்ணு வாங்குங்க பாய்” என்றார்கள். கோபத்தோடு திரும்பிய நான் பெட்டியை நானே திறப்பதென்று முடிவு செய்தேன். கோபத்தில் செய்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கேளுங்கள்.

திறந்ததும் நோயாளி யார் என்பது எனக்கே விளங்கியது. பதினாறு கால் சில்லு ஒன்றின் முதுகு வெடித்திருந்தது. டி.இ.ஏ. 2025 என்று அதன்மேல் பொறித்திருந்தது. ஒலியைப் பெருக்கி இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் அனுப்பும் சில்லு அது. சிறிய ரேடியோக்களிலும் டேப் ரிக்கார்டர்களிலும் மிகப் பரவலாக இருந்தது. பன்னிரண்டு வோல்ட்டுவரை வேலை செய்யும். பதினைந்துக்கு மேல் தாங்காது. நான் கொடுத்ததோ பத்தொன்பது. புதுச் சில்லு சென்னை ரிட்சி தெருவிலிருந்து கூரியரில் வந்தது. விலை முப்பது ரூபாய். அனுப்பும் செலவு அதைவிட அதிகம்.

மச்சானிடம் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து ஒவ்வொரு காலாகச் சூடு காட்டினேன். ஒரு காலின் ஈயம் உருகும்போது மறுகாலின் ஈயம் உறைந்துவிட்டது. பதினாறு கால்களும் ஒருசேர இளகினாலன்றிச் சில்லு வராது. என்னிடம் இருப்பதோ ஒரு முனை. அரை மணி நேரம் இப்படிப் போராடிவிட்டு, ஸ்குரூ டிரைவரைச் சில்லின் ஒரு முனைக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். ‘சடக்’ என்றது. முனை மேலே வந்தது. அதன் இரண்டாம் காலோடு, பலகையில் ஒட்டியிருந்த செம்பு வளையமும் உரிந்து வந்தது. வளையத்தோடு சேர்ந்து மெல்லிய செம்புப் பாதையும் ஒரு நகத்தளவு கிழிந்தது. நடுக்கால்கள் அசையவே இல்லை.

அந்தப் பலகையைப் பற்றி நான் பின்னால் அறிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். மலிவான பழைய பெட்டிகளில் இருப்பது காகிதத்தைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்த பழுப்புப் பலகை. செம்பு அதன் ஒரு பக்கத்தில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி இழையால் ஆன பச்சைப் பலகை இதைவிட உறுதியானது. பழுப்புப் பலகையில் சூடு அதிகநேரம் நின்றால் பசை விட்டுப்போகும். அப்போது இழுத்தால் ஈயம் விடுவதற்குமுன் செம்பு விட்டுவிடும். நான் அரை மணி நேரம் சூடு காட்டி, பிறகு இழுத்தேன். செய்யக்கூடாத இரண்டையும் வரிசைப்படி செய்திருக்கிறேன்!

எங்கள் கடைத்தெருவில், பள்ளிவாசலுக்கு நேர் எதிரே, ஆறடிக்கு நான்கடி உள்ள கைப்பேசி பழுதுபார்க்கும் கடை ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் அந்தக் கடை வாசலை ஐவேளையும் கடந்துபோயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. காரணம் உண்டு. அதன் உரிமையாளர் என் பழைய மாணவர். 2003ஆம் ஆண்டு, நான் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், பத்து வயதுச் சிறுவனாக என் முன் அமர்ந்திருந்தார். ஸூராக்கள் மனத்தில் தங்கவில்லை. ஒருநாள், மத்ரஸாவின் அலாரக் கடிகாரத்தை அவிழ்த்துப் பாய்மேல் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தேன். பிரம்பால் அடித்தேன். அடித்ததோடு நில்லாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, “உனக்கு ஓதலும் வராது, ஒண்ணும் வராது” என்றேன். மறுவாரம் முதல் அவன் வரவில்லை. சில ஆண்டுகளில் சென்னைக்கு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். ரிட்சி தெருவில் தொழில் கற்று, ஊருக்குத் திரும்பிக் கடை வைத்தார்.

அந்தக் கடைக்குத்தான், ஓர் இஷா தொழுகைக்குப் பின், கிழிந்த பலகையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து நின்று ஸலாம் சொன்னார். பலகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு நீண்ட மௌனம்.

“இழுத்தீங்களா ஹஜ்ரத்?”

“ஆமாம்.”

“உங்களுக்கு சிப்பு உயிரோட வேணுமா, போர்டு உயிரோட வேணுமா?”

“பலகைதான் வேண்டும். சில்லு செத்துவிட்டதே.”

“அப்போ எதுக்கு முழுசா எடுக்கப் பார்த்தீங்க?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவர் ஒரு குப்பைப் பலகையை எடுத்தார். கூர்முனைக் கட்டரால், அதிலிருந்த சில்லின் கால்களை உடலோடு ஒட்டினாற்போல் ஒவ்வொன்றாகக் கத்தரித்தார். ‘டிக், டிக், டிக்.’ உடல் தனியே கையோடு வந்தது. இப்போது பலகையில் நிற்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத பதினாறு கம்பித் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனியே சூடு காட்டி, ட்வீசரால் பிடித்தால், அது தானே நழுவி வந்தது. பதினாறு கால்களையும் ஒரே நேரத்தில் இளக்கவேண்டும் என்ற கவலையே இல்லாமற் போயிற்று. அரை மணி நேரத்தில் என்னால் முடியாததை அவர் மூன்று நிமிடங்களில் முடித்துவிட்டார்.

“உங்க போர்டை நானே செஞ்சு தந்துடுறேன், நாளைக்கு வாங்கிக்கங்க” என்றார். என்ன தோன்றிற்றோ, “எனக்குச் சொல்லிக்கொடுங்கள், நானே செய்கிறேன்” என்றேன். நான் கெடுத்ததை நானே சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் ஒரு பாதி. இன்னொரு பாதியை அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அவர் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பெட்டி நிறையக் குப்பைப் பலகைகளை என் முன் நகர்த்தினார். “ஐம்பது கால் எடுங்க. ஒரு வளையம்கூட உரியக்கூடாது. அப்புறம் பார்க்கலாம்.”

பத்து இரவுகள் அந்தக் கடையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் நாள் இருபது கால்களில் ஏழு வளையங்களை உரித்தேன்.

அவர் சொல்லிக்கொடுத்தவற்றுள் என்னை மிகவும் வியக்கவைத்தது இது: பழைய ஈயத்தை எடுக்க வேண்டுமானால், முதலில் அதன்மேல் புது ஈயம் இடவேண்டும். எடுக்க வந்தவன் சேர்ப்பதா என்று நான் வாதிட்டேன். பழைய ஈயத்தின் மேற்பரப்பில் ஆண்டுக்கணக்காகத் துருபோல ஒரு படலம் படிந்திருக்கும். அயர்னின் முனை அதைத் தொட்டாலும் சூடு உள்ளே இறங்காது. புது ஈயக்கம்பியின் நடுவில் பைன் மரப் பிசினாகிய ரோசின் இருக்கிறது. அது உருகிப் படலத்தைக் கரைக்கும். புது ஈயம் முனைக்கும் காலுக்கும் இடையே பாலம்போல் படர்ந்து சூட்டைக் கடத்தும். இரண்டும் ஒன்றாகக் கலந்து இளகியபின், எல்லாவற்றையும் சேர்த்து உறிஞ்சி எடுத்துவிடலாம். மூன்று நான்கு வினாடிக்குமேல் முனை ஓரிடத்தில் நிற்கக்கூடாது. வரவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போகவேண்டும். அது ஆறியபின் திரும்பி வரவேண்டும்.

நாம் ஈயம் என்று சொல்வது தனி ஈயமன்று. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது; 183 பாகை செல்சியஸில் உருகும். ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை விதித்தன. அதன்பின் வந்த பெட்டிகளில் பெரும்பாலும் வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையே இருக்கும். அது உருக 217 பாகையாவது வேண்டும். அத்தகைய பலகையிலும் காரீயம் கலந்த கம்பியைச் சற்று இட்டுக் கலந்தால் உருகும் சூடு இறங்கிவிடும். பிஸ்மத் கலந்த கலவையொன்றும் உண்டு. 138 பாகையிலேயே உருகும். நெடுநேரம் இளகியே இருக்கும். சில்லும் உயிரோடு வேண்டுமென்றால் அதைக் கால்களின்மேல் இட்டு, இரு வரிசையையும் மாறிமாறிச் சூடாக்கினால், சில்லு தளும்பி வந்துவிடும். ஆனால் விலை கூடுதல். பிறகு அந்தக் கலவையைச் சுத்தமாகத் துடைத்தெடுக்காவிட்டால் புதிதாக வைக்கும் பற்று பலவீனமாகிவிடும்.

அவர் கடையில் சூட்டுக்காற்று ஊதும் கருவி இருக்கிறது. கைப்பேசிகளில் காலே தெரியாத சில்லுகளுக்கு அதுதான் வழி. எனக்கு அதைத் தொடவிடவில்லை. “அது வந்தா கை சோம்பேறியாயிடும்” என்றார். எனக்குத் தந்தவை: ஒரு சாதாரண அயர்ன், ஈயக்கம்பி, கட்டர், ட்வீசர், பழைய பல்துலக்கி, பிறகு ‘சக்கர்’. இந்தச் சக்கர் ஓர் எளிய குழாய். கட்டைவிரலால் தண்டை அழுத்தினால் உள்ளே சுருள்வில் பூட்டிக்கொள்ளும். இளகிய ஈயத்தின் பக்கத்தில் மூக்கை வைத்துப் பொத்தானைத் தட்டினால் ‘டப்’ என்று உறிஞ்சிவிடும். அயர்னை எடுத்துவிட்டுச் சக்கரை வைத்தால் அதற்குள் ஈயம் உறைந்துவிடும். இரண்டும் ஒரே கணத்தில் நடக்கவேண்டும். எனக்கு அது கைகூட நான்கு இரவுகள் பிடித்தன. சக்கர் விட்டுவைக்கும் மிச்சத்துக்கு, செம்பிழையால் பின்னிய ‘விக்’ என்னும் நாடா. அதை ஈயத்தின்மேல் வைத்து அதன்மீது அயர்னை வைத்தால், விளக்குத்திரி எண்ணெயைக் குடிப்பதுபோல் ஈயத்தைக் குடித்துக்கொள்ளும். விக் வாங்கக் காசில்லாத காலத்தில், பழைய மின்கம்பியின் தோலை உரித்து, உள்ளிருக்கும் மெல்லிய செம்பிழைகளை முறுக்கி ரோசினில் தோய்த்து அவர் பயன்படுத்தியிருக்கிறார். துளை அடைத்துக்கொண்டால் சூடு காட்டிக்கொண்டே மரப் பல்குச்சியால் குத்தினால் திறக்கும். மரத்தில் ஈயம் ஒட்டாது.

ஆறாம் இரவோ ஏழாம் இரவோ, கடையில் வேறு யாரும் இல்லை. அந்த நாளைப் பற்றிப் பேசிவிடுவது என்று நினைத்தேன். “நான் அன்றைக்கு உங்களைப் பிள்ளைகள் நடுவில்...” என்று தொடங்கினேன்.

“ஹஜ்ரத், அயர்னை எடுங்க. வளையம் போகுது” என்றார்.

பார்த்தால், பேச்சில் கவனம் வைத்து முனையைப் பலகையிலேயே ஊன்றியிருக்கிறேன். பலகை கருகி, வளையம் மிதந்துகொண்டிருந்தது. அவர் அதை வாங்கி ஒதுக்கி வைத்தார். வேறொன்றை எடுத்துத் தந்தார். பிறகு தம் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “அடி எனக்கு ஞாபகம் இல்லை ஹஜ்ரத். சொன்னதுதான் ஞாபகம் இருக்கு.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் “சரி” என்றும் சொல்லவில்லை, “பரவாயில்லை” என்றும் சொல்லவில்லை. சற்றுநேரம் கழித்து, “டீ சொல்லவா?” என்றார். வாசகர்களே, அந்தத் தேநீரைக் குடித்ததைத் தவிர வேறெதையும் செய்ய எனக்குத் தெரியவில்லை. இப்போது அவருடைய மகன் என் வகுப்பில் இருக்கிறான். அவனும் கைக்குக் கிடைப்பதையெல்லாம் கழற்றுகிறான். கழற்றிய பேனாவைத் திரும்பப் பூட்டிக் காட்டச் சொல்கிறேன்; பூட்டிவிடுகிறான்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது, பொறுத்தருள்க. மீலாது மேடைகளில் நாம் அல்ஜஸரீயின் பெயரை முழங்குகிறோம். 1206ஆம் ஆண்டில் அவர் முடித்த எந்திரக் கலை நூலைப் பெருமையோடு சொல்கிறோம். அவர் தம் எந்திரங்களை எப்படிச் செய்வது என்று கைவினைஞனுக்கு விளங்கும்படி எழுதியவர் என்பதைச் சொல்வதில்லை. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கித் தந்ததையும், கவசத்தின் கண்ணிகளை அளவோடு கோக்கும்படி ஏவியதையும் ஸபஃ அத்தியாயத்தில் ஓதுகிறோம். பிறகு தெருவுக்கு வந்து, கையில் கறை படிந்தவனை ‘படிக்காத பையன்’ என்கிறோம். பிறரைச் சொல்லவில்லை, அதைச் சொன்னவன் நானேதான்.

பதினோராம் நாள், வாப்பாவின் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். என் நெம்புகோல் வைத்தியத்தில் பாதி தூக்கி நின்ற சில்லின் கால்களைக் கத்தரித்தேன். பன்னிரண்டு துண்டுகள் எளிதாக வந்தன. நடுவில் பக்கத்துக்கு இரண்டாக இருக்கும் நான்கும் வரவில்லை. இதே நான்குதான் முன்பும் அசையாதிருந்தவை. காரணத்தை அவர் அப்போதுதான் சொன்னார். இந்தச் சில்லு வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றுவதற்காகவே நடுவிலுள்ள நான்கு கால்களும் பலகையின் அகன்ற செம்புப் பரப்போடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே நான் எவ்வளவு சூடு கொடுத்தாலும் அந்தப் பரப்பு அதைக் குடித்துவிடுகிறது. முனையின் சூடு போதாதபோது நாம் நேரத்தைக் கூட்டுகிறோம். நேரம் கூடினால் பசை விடுகிறது. அவர் தடித்த முனையுள்ள 60 வாட் அயர்னை எடுத்துத் தந்தார். புது ஈயம் ஒரு துளி, இரண்டு வினாடி. கால் நழுவி வந்தது. மெலிந்த அயர்னால் நெடுநேரம் சுடுவதைவிட வலுவான அயர்னால் சட்டென்று தொட்டு எடுப்பதே பலகைக்கு இரக்கம் என்றார்.

எல்லாத் துளைகளும் திறந்தன. புதுச் சில்லை நேரடியாகப் பற்றவைக்காமல் ‘ஐ.சி. பேஸ்’ வைத்துச் செருகினால், மறுமுறை கெட்டால் எளிதாக மாற்றலாமே என்று என் அறிவைக் காட்டினேன். மற்றச் சில்லுகளுக்கு அது நல்ல யோசனைதான், இதற்கு ஆகாது; பேஸ் வைத்தால் நடுக்கால்களின் சூடு செம்புக்கு ஒழுங்காக இறங்காது என்றார். சில்லின் தலைப்பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்து, அதன் இடப்புறத்தை முதற்கால் என்று கொண்டு, திசை மாறாமல் பொருத்தினேன். இரண்டாம் கால்தான் நான் வளையத்தை உரித்த இடம். ஒரு பக்க ஒலிபெருக்கிக்குக் குரல் போகும் வழி அதுவே. கிழிந்த பாதையின் மிச்சத்தைப் பிளேடால் மெல்லச் சுரண்டி, செம்பு தெரிந்ததும் ஈயம் பூசி, அங்கிருந்து இரண்டாம் காலுக்கு மயிரிழை போன்ற கம்பியொன்றை வைத்துப் பற்றவைத்தேன். அழகாக இல்லை. 16 வோல்ட்டு என்று எழுதியிருந்த பெரிய கண்டன்சர் ஒன்றும் தலை உப்பியிருந்தது, அதையும் மாற்றினோம். பழைய ரோசின் கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பல்துலக்கியும் கொண்டு கழுவினோம்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்காகச் சில எச்சரிக்கைகள். குப்பைப் பலகையில் பழகாமல் வீட்டுப் பொருளைத் தொடாதீர்கள். மின்சாரத்திலிருந்து பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய குழாய்த் தொலைக்காட்சியையும் திறக்கவே திறக்காதீர்கள். அயர்ன் சூட்டில் காரீயம் ஆவியாகாது. வரும் புகை ரோசினுடையது. ஆயினும் அது நெஞ்சுக்கு ஆகாது. சன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் கைவழியாக வாய்க்குப் போவதே ஆபத்து. சிறு குழந்தைகளின் மூளையை அது கெடுக்கும். ஆகவே சாப்பாட்டு மேசையில் இவ்வேலை கூடாது. முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். குழாய் பற்றவைக்கும் அமிலப் பேஸ்டைப் பலகையில் பூசாதீர்கள். நாளடைவில் செம்பை அரித்துவிடும். இந்த வேலைக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. தையல் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு இது என் கையைவிட விரைவில் வரும். என் மகள் இரண்டே நாளில் பழகிவிட்டாள்.

கடையிலேயே ஆறு பேட்டரிகளைப் போட்டோம். வாப்பாவின் கேசட்டை முதலில் போட எனக்குத் துணிவில்லை. நாகூர் ஹனீபா அவர்களின் கேசட்டு ஒன்று, நாடா போனாலும் போகட்டும் என்று எடுத்து வந்திருந்தேன். போட்டேன். ஒரு மெல்லிய ரீங்காரம். பிறகு கணீரென்று அந்தக் குரல் கடைத்தெருவெங்கும் கேட்டது. எதிரில் பழக்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். அவர் கூலி வாங்கவில்லை. “நீங்கதானே செஞ்சீங்க” என்றார். “முதல் வேலையா கேசட்டை போன்ல பதிஞ்சு வெச்சுக்கங்க” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தேன். உண்மையையும் சொல்லிவிட்டேன். “பழசானதால் கெடவில்லை உம்மா. நான்தான் தப்பான வயரைச் செருகினேன்.”

“தெரியும். நாத்தம் வந்துச்சே” என்றார்கள் உம்மா.

கேசட்டைப் போட்டேன், கைப்பேசியையும் பக்கத்தில் வைத்துப் பதிந்துகொண்டேன். 1984ஆம் ஆண்டுக் குரல். ஸலாம் சொல்லி, எல்லாருடைய நலத்தையும் பெயர் சொல்லி விசாரித்து, கொடுத்தனுப்பிய பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார்கள்: இரண்டு சேலை, ஒரு டார்ச் லைட்டு, தலைவலித் தைலம் நான்கு. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். “இருக்கு” என்றார்கள் உம்மா. பின்னணியில் ஏதோ வண்டி போகிறது. வாப்பா இருமிக்கொண்டு, “சின்னவன் ஓதப் போறானா? அடம் புடிக்கிறானாமே?” என்கிறார்கள்.

“போனான், போனான். இப்ப அவனே ஓதிக்கொடுக்கிறான்” என்றார்கள் உம்மா, பெட்டியைப் பார்த்து.

நாடா முடிந்து பொத்தான் மேலே எழும்பியது. உம்மா கண்ணை மூடியிருந்தார்கள். தூங்கிவிட்டார்கள் போலும் என்று நான் எழுந்தேன்.

“எங்க போறே? மறுபக்கம் போடு.”